பன்னிரண்டு உப்புருண்டைகள்

அன்று காலை அந்த முகாமில் இருந்தவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். ஹவில்தார் வர்கீஸ், எங்களுக்கெல்லாம் மூத்தவர். நாயக் பசவராஜ். லான்ஸ் நாயக் ஜெபமணி. வண்டி ஓட்டுகிற மீரான். வயர்லெஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற அந்தோணி. சிப்பாய்கள் ராமுலு, குஞ்ஞுமோன், சென்னகேசவன், சிவலிங்கப்பா, துளசிங்கம். பத்து ஆயிற்றா? பதினொன்றாவது கன்னியப்பன். பன்னிரண்டாவது நான், எத்திராஜ், சமையல்காரன்.

எல்லாப் பெயரையும் நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் தம்பி. கன்னியப்பனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இந்தத் தூக்குச்சட்டியில் என்ன இருக்கிறது என்றுதானே கேட்டோம், இந்த ஆள் எதற்கு ஆஜர் எடுக்கிறான் என்று பார்க்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போளூரில் ஏறியதும் "பெருசு, கொஞ்சம் தள்ளி உக்காரு, தூக்கை மடியில வச்சுக்க" என்றீர்கள். தப்பில்லை. ஆள் உட்காருகிற இடத்தில் தூக்கை வைத்தது என் பிழைதான். நீங்கள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால்தான் வாயைத் திறந்தேன். இல்லாவிட்டால் நான் பஸ்ஸில் பேசுகிறவன் இல்லை.

தூக்கில் இருப்பது உப்புருண்டை. அரிசியை ரவையாக உடைத்து, தாளித்துக் கிளறி, உருட்டி ஆவியில் வேகவைப்பது. பன்னிரண்டு இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு கணக்கில்தான் கை ஓடும். உங்களுக்கும் ஒன்று தருகிறேன். இப்போது வேண்டாம். முதலில் கேளுங்கள்.

இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அது பழக்கம். வடகிழக்கில் ஒரு மலை. ரோடு போடுகிறவர்களுக்குக் காவலாகப் பன்னிரண்டு பேரை அங்கே வைத்திருந்தார்கள். மரப்பலகையில் ஒரு கொட்டகை, கல் அடுக்கிய ஒரு சமையலறை, நடுவில் கொஞ்சம் வெட்டவெளி. சமையலறைக்குப் பின்னால் ஒரு கல்சுவர், அதற்கும் பின்னால் காய்ந்துபோன ஓடை. அவ்வளவுதான் முகாம்.

நான் அங்கே எத்திராஜ் இல்லை. "உப்பு." கன்னியப்பன் வைத்த பெயர். என் சமையலில் உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அதை மறைக்கவில்லை. கை அப்படி. தட்டை ஏந்திக்கொண்டு வரும்போதே கன்னியப்பன் ஆரம்பித்துவிடுவான். அவன் போளூர்ப் பக்கத்துக்காரன், நான் வேலூர். பக்கத்து ஊர்க்காரன் என்ற பாசமெல்லாம் கிடையாது.

"டேய் உப்பு, இன்னிக்கு இன்னா, சோறா இல்லே உப்பளமா?"

மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. சீட்டாடும்போது என் தலையில் குட்டுவார்கள். என் கம்பளியை ஒளித்துவைப்பார்கள். துளசிங்கம் என் மாதிரியே நடந்துகாட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். போய் வெங்காயம் உரிப்பேன்.

அன்று காலை உப்புருண்டை செய்தேன். ஊர்ப் பலகாரம் தின்று நாளாயிற்று என்று ஜெபமணி கேட்டிருந்தான். தேங்காய்க்கு எங்கே போவது? கொப்பரையைத் துருவிப் போட்டேன். ஆளுக்கு மூன்று. உப்புப் போட்டதை மறந்து திரும்பவும் போட்டுவிட்டேன். நானே ஒன்றைப் பிட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. நன்றாக நினைவிருக்கிறது. என் நாக்கு கடைசியாக அறிந்தது அந்த உப்பைத்தான்.

எல்லோரும் வெட்டவெளியில் வெயிலுக்கு உட்கார்ந்து தின்றார்கள். வர்கீஸும் மீரானும் மணல் மூட்டைக்குப் பின்னால் காவல். கன்னியப்பன் ஒன்றைக் கடித்துவிட்டு, தட்டோடு எழுந்து என்னைத் திட்டுவதற்காகச் சமையலறைப் படிக்கு வந்தான். உப்பு சரியாக இருந்திருந்தால் அவனும் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

"உப்பு, இங்க வாடா வெளியே," என்றான்.

முதல் குண்டு அப்போது விழுந்தது.

எதிர்ப்பக்கத்து மேட்டிலிருந்து அடித்தார்கள். குண்டு விழுந்ததும் துப்பாக்கிச் சத்தம் தொடங்கியது. புகை ஒதுங்கியபோது வெட்டவெளியில் தட்டுகளும் ஆட்களும் கலந்து கிடந்தார்கள். அந்தோணி, ராமுலு, சிவலிங்கப்பா மூன்று பேரும் அந்த இடத்திலேயே முடிந்துபோனார்கள். வர்கீஸும் மீரானும் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையை எடுக்க முடியாது. மற்ற ஐந்து பேர் வெளியில் கிடந்தார்கள். கன்னியப்பன் படியிலேயே சரிந்திருந்தான், முழங்காலுக்குக் கீழே இரத்தம்.

காய்கறி நறுக்க விரிக்கிற தார்ப்பாய் ஒன்று இருந்தது. அதை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. கைக்குக் கிடைத்தது. அருகில் கிடப்பவன் கன்னியப்பன்தானே, அவனை இழுத்துச் சுவருக்குப் பின்னால் போடலாம் என்று குனிந்தேன். அவன் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான்.

"என்னைத் தொட்டே, கொன்னுடுவேன். அதோ துளசிக்குக் கழுத்துல ரத்தம் பீச்சுது. அவனைப் போய் முதல்ல எட்த்துனு வா, போடா சோத்துப்பானை!"

பார்த்தீர்களா? சாகக் கிடக்கிறான், உதவிக்கு வந்தவனைச் சோத்துப்பானை என்கிறான்.

போனேன். துளசிங்கத்தைத் தார்ப்பாயில் உருட்டிப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் அப்பா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். எனக்கும் அதே பழக்கம். துளசிங்கத்தை ஓடையில் கிடத்தியபோது "லாபம்" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. கன்னியப்பன் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது ஜெபமணி. மூன்றாவது பசவராஜ். ஒவ்வொரு தடவையும் கன்னியப்பனைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டித்தான் வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் திட்டு. நான் ஓடினால், "இப்ப ஓடாதடா கழுதை, படு!" என்பான். படுத்தால், "இன்னும் ஏன்டா படுத்துனு கெடக்கிறே, இப்ப ஓடு!" என்பான். எதற்கும் ஒத்துவராத ஆள். நான் படுத்திருக்கும்போது தலைக்கு மேல் சடசடவென்று போகும். நின்றதும் ஓடுவேன். அவன் வாய் ஓயவே இல்லை.

பசவராஜைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பும்போது சமையலறையின் பின்மூலையில் ஒரு குண்டு விழுந்தது. என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. பின்மண்டையில் அடி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே படுத்துவிடலாம் என்று இருந்தது தம்பி. சுகமாகக்கூட இருந்தது. அப்போதும் அவன்தான். "எழுந்திருடா உப்பு. இன்னும் ரெண்டு பேரு கெடக்கறான். எழுந்திருடா, உங்கம்மா உனக்கு இன்னாத்த ஊட்டி வளத்தா?" என்று அம்மாவை இழுத்தான். அம்மாவைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. எழுந்துவிட்டேன்.

குஞ்ஞுமோன் நான்கு. சென்னகேசவன் ஐந்து. கன்னியப்பன் ஆறு. அவனைத் தார்ப்பாயில் போடவில்லை, தார்ப்பாய் கிழிந்துபோயிற்று. முதுகில் அரிசி மூட்டை மாதிரி தூக்கினேன். அவன் என் காதுக்குள், "அழாதடா, மூக்கு என் கைமேல ஒழுகுது," என்றான். நான் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறேன், முதலிலிருந்தே. அதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். மற்ற ஐந்து பேருக்கும் நினைவே இல்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், "எத்திராஜ் தூக்கிக்கொண்டு வந்தான்" என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஹெலிகாப்டர் வந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். கன்னியப்பனுக்கு மட்டும் ஒரு கால் போயிற்று. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கிட்டே போனவனை அவன்தானே விரட்டினான்? கோபக்காரன், கோபத்தால் கெட்டான்.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். தமிழ் தெரிந்தவர். "வெளியே போகச் சொல்லி உனக்கு யார் உத்தரவு கொடுத்தது?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். வர்கீஸ் உத்தரவு கொடுக்கவில்லை. பசவராஜ் மயங்கிக் கிடந்தார். "யாரும் கொடுக்கவில்லை சாப்," என்றேன். உண்மைதானே? கன்னியப்பனும் சிப்பாய், நானும் சிப்பாய். திட்டியது உத்தரவாகுமா? பதக்கம் கொடுத்தபோது, யாருடைய உத்தரவையும் எதிர்பாராமல் தானே முடிவெடுத்து, ஆபத்தான நிலையில் இருந்தவர்களை முதலில் கண்டறிந்து மீட்டான் என்று வாசித்தார்கள். பிற்காலத்தில் அதை ஒருமுறை கன்னியப்பனிடம் சொல்லிக்காட்டினேன். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து முதல்நாள் சமைத்தேன். துளசிங்கம், சென்னகேசவன் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. "நல்லா இருக்குண்ணே," என்றான் துளசிங்கம். அண்ணே! அவன் என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். என் மாதிரி நடந்துகாட்டுகிறவன். அன்றிலிருந்து யாரும் என் தலையில் குட்டவில்லை. கம்பளி வைத்த இடத்திலேயே இருந்தது. சீட்டாட்டத்தில் நான் தோற்றதே இல்லை. நல்ல சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே கவிழ்த்துப் போடுவார்கள். கொஞ்ச நாளில் ஆட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்று வந்தபிறகும் அப்படித்தான். துளசிங்கம் வீட்டுப் பூஜை அறையில் என் படம் இருக்கிறது, கழுத்தில் மாலையோடு, நெற்றியில் குங்குமத்தோடு. "உயிரோடு இருக்கிறவன் படத்துக்குப் பொட்டு வைக்கலாமா?" என்று கேட்டேன். மாலையை மட்டும் எடுத்தார்கள். ஜெபமணி தன் மகனுக்கு எத்திராஜ் சாமுவேல் என்று பெயர் வைத்தான். ஞானஸ்நானத்தில் போதகரே ஒரு கணம் நிறுத்திவிட்டார். குஞ்ஞுமோன் வீட்டில் நான் உட்காரும்வரை எவரும் உட்காரமாட்டார்கள். எல்லா வீட்டிலும் எனக்குத் தலைவாழை இலை, முதல் இலை, தனி இலை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் சாப்பிடமாட்டான். சுற்றி நின்று பரிமாறுவார்கள். நான் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவருவேன்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தேதியில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அங்கே மட்டும் நான்தான் சமைப்பேன். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். எல்லோரும் இலையை வழித்துச் சாப்பிடுவார்கள். ஒரு பருக்கை மிஞ்சாது. அண்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டு, சரி, கை திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கன்னியப்பன் மட்டும் வரமாட்டான். வரச்சொல்லி எழுதினால் பதில் இருக்காது.

பாகாயத்தில் ஒரு டிபன் கடைகூட வைத்துப் பார்த்தேன். ஒரு வருஷம் ஓடவில்லை. திறந்த முதல் வாரம் நல்ல கூட்டம். "நம்ம ஊர் வீரர் கடை" என்று எல்லோரும் வந்தார்கள். மறுவாரம் குறைந்தது. ரோட்டில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள், அதனால்தான் என்று நினைத்தேன். வீட்டில் என் மனைவி வேதவல்லி இருந்தவரை என்னைச் சமையல்கட்டுக்குள் விடமாட்டாள். "நீங்க நாட்டுக்குச் சமைச்சது போதும், வீட்டுக்கு நான் சமைக்கிறேன்," என்பாள். பாசம் என்று நினைத்தேன். பாசமும்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் துளசிங்கத்துக்கு அறுபதாம் கல்யாணம். வேலூரில் மண்டபம். பழைய ஆட்கள் பந்திக்கு நான்தான் சாம்பார் வைத்தேன். அன்றைக்குத்தான் கன்னியப்பன் வந்தான். அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு, நரைத்து, வற்றிப்போய். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். பந்தியில் உட்கார்ந்தான். சோற்றில் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். உடனே இலையிலேயே துப்பினான்.

"டேய் உப்பு! முப்பது வருஷமாச்சு, இன்னும் திருந்தலியாடா நீ? எவன்டா துன்னுவான் இதை?"

பந்தி முழுக்க நின்றுவிட்டது. துளசிங்கம் மாலையும் கழுத்துமாக ஓடிவந்தான்.

"கன்னியப்பா, யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசு."

"உப்புகிட்ட பேசறேன். நீ துன்னு பாரு."

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கா? அப்ப ஏன் இவனுங்க வாய்க்கு வாய் மோரை ஊத்திக்கிறானுங்க?"

அத்தனை பேருக்கு நடுவில் அவமானம். கரண்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் சொன்னது பொய் என்று காட்டவேண்டும் என்று ஒரு வெறி. மறுமாதமே பன்னிரண்டு உப்புருண்டை செய்து, இதே தூக்கில் போட்டுக்கொண்டு, போளூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடக்கவேண்டும் அவன் ஊருக்கு. ஓட்டு வீடு, வாசலில் இரண்டு ஆடு.

ஒன்றை எடுத்துக் கடித்தான். என்னைப் பார்த்தான். திட்டவில்லை. "பச்சையம்மா," என்று மனைவியைக் கூப்பிட்டு, இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவரச் சொன்னான். ஒன்றில் உப்பைப் போட்டுக் கலக்கு, ஒன்றில் போடாதே என்று ஜாடை காட்டியிருக்கிறான். எனக்குத் தெரியாது.

"குடிச்சுட்டு எதுல உப்புன்னு சொல்லு."

குடித்தேன். இரண்டும் ஒன்றுதான். இரண்டும் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். சும்மா ஒன்றைக் காட்டினேன். அவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்பலேர்ந்துடா?"

அப்போதுதான் யோசித்தேன். ஊதுபத்தி ஏற்றினால் வாசனை வருவதில்லை. ஒருமுறை கேஸ் கசிந்து பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து கத்தினாள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வயதாகிவிட்டது, சாப்பாடு முன்னைப்போல் ருசிப்பதில்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். எனக்கு வயதாவதற்கு முன்பிருந்தே அப்படி என்பது உறைக்கவில்லை. அவனே என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். ஒற்றைக்காலன் கூட்டிக்கொண்டு போகிறான், இரண்டு கால் உள்ள நான் பின்னால் போகிறேன். மண்டையில் பட்ட அடியில் மூக்கும் நாக்கும் சேர்ந்து செத்துவிட்டன, இனிமேல் திரும்பாது என்றார் டாக்டர்.

"இவ்வளவு வருஷமா எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களேடா," என்றேன்.

"உன்னைச் சாமியாக்கிட்டானுங்க. சாமிக்குப் படைக்கிறவன் உப்புப் பார்க்கமாட்டான், தெரியுமில்ல? இங்க சாமியே சமைக்குது, இவனுங்க என்ன பண்ணுவானுங்க? கண்ணை மூடினு முழுங்கறானுங்க."

அவன் எனக்கு நண்பன் இல்லை தம்பி. அதைச் சொல்லிவிடுகிறேன். நண்பன் என்றால் நல்லதாக ஒரு வார்த்தை பேசுவான். நான் மாதாமாதம் அவன் வீட்டுக்குப் போனது உப்புக்காகத்தான். இருமல் மருந்துப் புட்டியின் மூடி ஒன்றை அவன் கொடுத்தான். அதில் ஆணியால் ஒரு கோடு கீறி, "இதுவரைக்கும் உப்பை ரொப்பி, ரெண்டு ஆழாக்கு ரவைக்குப் போடு," என்றான். போட்டுக்கொண்டு போவேன். ஒன்றைத் தின்பான். "செத்த மீனு எழுந்து நீந்தும்டா இதுல," என்பான். கோட்டைக் கீழே இறக்குவான். அடுத்த மாதம், "இன்னா இது, ஆஸ்பத்திரி கஞ்சியா?" என்பான். கோட்டை மேலே ஏற்றுவான். உப்பு மட்டுமா? மிளகாய், பெருங்காயம், வேகும் பதம் எல்லாவற்றுக்கும் திட்டு. ஒன்றுதான் தின்பான். பதினொன்று திரும்பி வரும். ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, பதினொரு வருஷம். மழை பெய்தாலும் போவேன். வேதவல்லி இறந்த மாதம் மட்டும் போகவில்லை. அந்த மாதம் அவன் வந்தான். கட்டையை ஊன்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி. வந்து உட்கார்ந்து, "எங்கேடா உப்புருண்டை?" என்றான். துக்க வீட்டில் வந்து கேட்கிற கேள்வியா அது? எழுந்துபோய்ச் செய்தேன். அன்றுதான் நாலு நாளைக்கு அப்புறம் நானும் சாப்பிட்டேன்.

போன மாதம் போனபோது ஒன்றைத் தின்றான். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றை எடுத்தான். அதையும் தின்றான். மூன்றாவதையும் எடுத்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் இதே கோடு. மாத்தாதே," என்றான். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். இதே கோடு என்றுதான் சொன்னான். நல்லா இருக்கா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சரி, அடுத்த மாதம் அதே கோட்டில் செய்துகொண்டு போனால் கட்டாயம் சொல்லிவிடுவான் என்று வந்துவிட்டேன்.

இன்று போனேன். அதே கோடு. ஒரு பொடி கூடவோ குறையவோ இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து அளந்தேன்.

வாசலில் ஆடு கட்டியிருந்தது. கட்டை சுவரில் சாய்த்திருந்தது. உள்ளே இருக்கிறான் என்று நினைத்து, "டேய்," என்று குரல் கொடுத்தேன். பச்சையம்மா வெளியே வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை.

அடக்கம் செய்து பத்து நாளாகிவிட்டது. போன மாதம் நான் வந்துபோன அன்றே ஜுரம் இருந்ததாம், பிறகு நெஞ்சில் சளி. "உங்க போன் நம்பரு அவருக்கு மட்டும்தான் மனப்பாடம்ணா. எங்கியும் எழுதி வைக்கலே," என்று அழுதாள். வெறும் தரையில் உட்கார்ந்தேன். தூக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"நீ ஒண்ணு தின்னு பாரும்மா," என்றேன். அந்த நேரத்தில் அதைக் கேட்டிருக்கக்கூடாது. தெரிகிறது. ஆனால் வேறு யாரைக் கேட்பேன்?

"எனக்கு பிரஷருண்ணா. டாக்டரு உப்பை நிறுத்தி ஏழு வருஷமாச்சு. எனக்கு எது வாயில வச்சாலும் கரிக்கும்," என்றாள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது கேட்டாள். "அண்ணா, கடைசி ரெண்டு நாளும் ஜுரத்துல ஒரே பேச்சு. 'துளசியை முதல்ல எடு. இப்ப ஓடாதே, படு. இப்ப ஓடு. என்னைத் தாண்டிப் போ, நான் இருப்பேன், என்னைத் தாண்டிப் போ'ன்னே சொல்லினு இருந்தாரு. யாரைண்ணா சொன்னாரு?"

"என்னைத்தாம்மா. திட்டறான். பழைய பழக்கம்."

"திட்டற மாதிரி இல்லியேண்ணா. அழுதாரு."

அழுதானாம். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதவன் நான்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், அவன் சொன்ன வரிசைப்படிதான் எடுத்தேன். துளசிங்கம், ஜெபமணி, பசவராஜ், குஞ்ஞுமோன், சென்னகேசவன். வேறு எந்த வரிசையில் எடுப்பது? எனக்குப் புகையில் யார் எங்கே என்றே தெரியவில்லை. படியில் கிடந்தவனுக்கு எல்லாம் தெரிந்தது, கத்தினான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவனும் சிப்பாய், நானும் சிப்பாய் தம்பி. உத்தரவு கொடுத்தது யார் என்றுதான் கேட்டார்கள். உயிர் பிழைத்தது யாரால் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்...

கண்ணமங்கலம் தாண்டிவிட்டது. நீங்கள் கணியம்பாடியில் இறங்குவதாகச் சொன்னீர்கள். நேரம் அதிகம் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். துளசிங்கத்திடம் கேட்டால் நல்லா இருக்கு என்பான். ஜெபமணி இருந்தால் அவனும் சொல்லுவான், அவன் போன வருஷம் போய்விட்டான். என் மகன் ஓசூரில் இருக்கிறான், அவனைக் கேட்டால், "ஏம்ப்பா இந்த வயசுல அடுப்புகிட்ட நிக்கறீங்க," என்பான். நீங்கள் என்னால் பிழைத்தவர் இல்லை. எனக்கு ஒன்றும் கடன்பட்டவரும் இல்லை. இப்போது திறக்கிறேன். ஒன்று எடுங்கள். பாதியாகக் கிள்ளாதீர்கள், முழுதாக எடுங்கள். மென்று தின்றுவிட்டு, உப்பு எப்படி என்று உள்ளதைச் சொல்லுங்கள். கரித்தால் துப்புங்கள், ஜன்னல் இருக்கிறது. அவன் சொன்ன அந்தக் கோடு சரிதானா என்று எனக்குத் தெரிந்தால் போதும். சரி என்றால், கடைசியில் அவனுக்குப் பிடித்துத்தான் மூன்று தின்றான் என்று ஆகும். இல்லை என்றால், காய்ச்சல் வாய்க்கு ருசி தெரியாமல் தின்றிருக்கிறான் என்று ஆகும். இரண்டில் எது என்று தெரியவேண்டும்.

தின்றுவிட்டீர்களா? அவசரமே இல்லை. தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். காரத்துக்குக் குடிக்கிறீர்களா, உப்புக்குக் குடிக்கிறீர்களா, சும்மா குடிக்கிறீர்களா என்று கேட்கமாட்டேன்.

சொல்லுங்கள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. உப்பு சரியா இருக்கு."

ஐயா.

பஸ்ஸில் ஏறும்போது பெருசு என்று கூப்பிட்டீர்கள், தம்பி. அப்போதே கொடுத்திருக்கவேண்டும். கொடுத்துவிட்டுப் பிறகு கதையைச் சொல்லியிருக்கவேண்டும். என் பிழைதான்.

கணியம்பாடி வந்துவிட்டது. இறங்குங்கள். இல்லை இல்லை, காலையெல்லாம் தொடவேண்டாம், வண்டி எடுத்துவிடுவான். பார்த்து இறங்குங்கள்.

பன்னிரண்டில் ஒன்று போயிற்று. மிச்சம் பதினொன்று.